எரு போட்டும் எழும்பாத நிலம்: கிளிஞ்சல் போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கரில் முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். தொழு உரம் தாராளமாக இட்டும் பயிர் எழும்பவில்லை. மண் பரிசோதனையில் பிஎச் 4.8 என்று வந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு விவசாயி கிளிஞ்சலைப் போட்டே நிலத்தை மீட்டாராமே, நானும் போடலாமா ஐயா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அவர் பெயர் எட்மண்ட் ரஃபின். வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் பண்ணை வைத்திருந்தவர். தலைமுறை தலைமுறையாகப் புகையிலையும் மக்காச்சோளமும் போட்டு அந்தப் பக்கத்து நிலமெல்லாம் ஓய்ந்து கிடந்தது. பலர் நிலத்தை விற்றுவிட்டு மேற்கே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரஃபினும் உங்களைப் போலத்தான், எருவைக் கொட்டிப் பார்த்தார், நிலம் அசையவில்லை.

மெலிந்த நிலத்தில் பைன் மரமும் ஒருவகைப் புளிப்புக் கீரையும் மட்டும் செழிப்பதை அவர் கவனித்தார். அந்த மண்ணில் அமிலத்தை ஊற்றினால் நுரை வரவில்லை. அதாவது மண்ணில் சுண்ணாம்புச் சத்தே இல்லை, புளித்துக் கிடக்கிறது. அவர் பண்ணைக்கு அடியிலேயே பழங்காலக் கடல் கிளிஞ்சல் மக்கிய மண் படிவமாக இருந்தது. 1818-ல் அதைத் தோண்டிப் பரப்பி மக்காச்சோளம் விதைத்தார். போடாத இடத்தைவிடக் கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதல் விளைச்சல். 1832-ல் இதையெல்லாம் புத்தகமாகவும் போட்டார். குழி வெட்டியதும் வண்டியில் ஏற்றி இறக்கியதும் அவருடைய அடிமைகள். கடைசிவரை அடிமை முறைக்காகவே வாதாடியவர் அவர். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மண் பாடத்தை மட்டும்.

சரி, உங்கள் நிலத்துக்கு வருவோம். சுண்ணாம்பு எருவுக்கு மாற்று இல்லை. எரு வேலை செய்வதற்கு வழிவிடுவது. பிஎச் என்பது மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு, ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும். 4.8 என்றால் உங்கள் மண்ணும் நன்றாகவே புளித்திருக்கிறது. அந்த நிலையில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைக் குட்டையாக்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் நீங்கள் போட்ட எரு கண்ணுக்குத் தெரியவில்லை.

முழுக் கிளிஞ்சல் கரைய வருடக்கணக்கில் ஆகும். மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல்லோ டோலமைட்டோ வாங்குங்கள். டோலமைட்டும் ஒருவகைச் சுண்ணாம்புக்கல்தான், அதில் மக்னீசியமும் கிடைக்கும். அளவை என்னிடம் கேட்காதீர்கள். மண் ஆய்வுக்கூடத்தில் ‘சுண்ணாம்புத் தேவை’ என்று கேட்டால் ஏக்கருக்கு எவ்வளவு என்று எழுதித் தருவார்கள். கூடப் போனால் கெடுதல்தான். ரஃபினின் வயலிலேயே அளவு மிஞ்சிய இடத்தில் மக்காச்சோளம் நோய்ப்பட்டது. சுண்ணாம்பை எருவோடும் யூரியாவோடும் சேர்த்துப் போடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகிப் போகும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

அப்புறம் பயிர் வரிசை. சுண்ணாம்பு இட்டவுடன் உருளைக்கிழங்கு வைத்தால் கிழங்கில் சொறி வரும். முதலில் முட்டைக்கோஸ் போடுங்கள். வேர் தடித்து உருண்டு போகிற நோயும் அதில் குறையும். உருளைக்கிழங்கைச் சுழற்சியில் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.