தோட்டத்தில் ரோமானியக் காசு: புளியை எடுக்காதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தில் சஃபோக் கவுன்டியில், ஏ140 சாலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தக்காளிப் பாத்திக்காகப் பின்தோட்டத்தைக் கொத்தியபோது பச்சை பூத்த சின்னக் காசு ஒன்று கிடைத்தது. ஓநாயிடம் இரண்டு குழந்தைகள் பால் குடிப்பதுபோல் ஒரு பக்கத்தில் தெரிகிறது. கூடவே தடித்த சிவப்பு ஓட்டுத் துண்டுகள், ஒன்றில் நாயின் கால்தடம். ரோமானியர் காலத்தவையா? அரசாங்கத்திடம் சொல்ல வேண்டுமா? கீழே இன்னும் ஏதாவது இருக்குமா? பதினோரு வயது மகன் மெட்டல் டிடெக்டர் கேட்டு நச்சரிக்கிறான்.

பதில்: காசைத் துலக்கிவிட்டீர்களா? இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். பித்தளை, செம்பு என்றால் நம் வீட்டில் கை தானாகப் புளியைத் தேடும். அப்படித் தேய்த்துப் பளபளவென்று ஒருவர் கொண்டுவந்த காசை ஒருமுறை பார்த்தேன். முகமும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் வில்லை. அந்தப் பச்சைப் படலம் அழுக்கு அல்ல. பல நூற்றாண்டு மண்ணில் கிடந்து உலோகத்தின் மேல்பரப்பே அப்படி மாறியிருக்கிறது. எழுத்து நிற்பதே அந்தப் படலத்தில்தான். எலுமிச்சை, வினிகர், பழைய டூத் பிரஷ் எதுவும் வேண்டாம். மண்ணோடு காயவிட்டு ஒரு சின்ன உறையில் போட்டு வையுங்கள். பஞ்சில் சுற்றாதீர்கள், நார் ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ரோமானியக் காசுதான். ரோம் நகரைத் தோற்றுவித்ததாகச் சொல்லப்படும் ரோமுலஸ், ரேமுஸ் இரட்டையர்தான் அந்தக் குழந்தைகள். பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 330 வாக்கில் வெளியிடத் தொடங்கிய வெண்கலக் காசு வகை இது. ஓநாய்க்குக் கீழே இரண்டு மூன்று எழுத்து தெரிந்தால் அது எந்த ஊர் அக்கசாலையில் அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். பிரிட்டனில் கிடைப்பவற்றில் டிரையர், லியோன் நகரக் காசுகள் நிறைய. இந்த வகை சாதாரணமானது, விலைக்குப் போட்டால் சில பவுன்தான் வரும். ஏமாற்றமாக இருந்தால் மன்னியுங்கள்.

ஓடு எனக்குக் காசைவிடச் சுவாரசியமாக இருக்கிறது. ரோமானியக் கூரையில் இரண்டு வகை ஓடு உண்டு: ஓரம் எழும்பிய தட்டை ஓடு, அதன் இணைப்பை மூடும் வளைந்த ஓடு. இரண்டாவது நம் ஊர் நாட்டோடு மாதிரியே இருக்கும். உங்கள் துண்டில் ஓர் ஓரம் வரம்பு கட்டியதுபோல் எழும்பியிருந்தால் அது முதல் வகை. சுடுவதற்கு முன் பச்சை ஓட்டைத் தரையில் காயப் போடுவார்கள், அதன்மேல் நாய், ஆடு, சில சமயம் குழந்தைகள்கூட நடந்து போயிருக்கிறார்கள். உங்கள் ஓட்டில் தடம் பதித்த நாயும் அப்படிப் போனதாக இருக்கலாம். நாய்த்தடம் மட்டும் காலத்தைச் சொல்லாது. அந்த வரம்பும் ஓட்டின் தடிமனும்தான் சொல்லும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் எல்லாப் பழம்பொருளையும் புதையல் என்று சொல்வதில்லை. 300 ஆண்டுக்கு மேல் பழமையான, எடையில் பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் என்றால் ஒன்றே போதும். காசுக்கு அப்படி இல்லை. தங்கம், வெள்ளிக் காசு என்றால் ஒரே இடத்திலிருந்து குறைந்தது இரண்டு வேண்டும், உங்களுடையதைப் போன்ற வெண்கலக் காசு என்றால் பத்து வேண்டும். தனி வெண்கலக் காசு ஒன்றும் ஓட்டுத் துண்டுகளும் புதையல் ஆகாது. எனவே கட்டாயம் இல்லை, சிறைப் பயமும் இல்லை. ஆனால் நாளைக்கே அதே பாத்தியில் இன்னும் ஒன்பது காசு கிளம்பினால் கதை மாறும். புதையலாக இருக்கலாம் என்று தெரிந்த 14 நாளுக்குள் கரோனரிடம் தெரிவித்தாக வேண்டும். தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அபராதம். கரோனர் என்றால் திடீர் மரணங்களை விசாரிப்பவர்தானே என்பீர்கள். அவரேதான். இடைக்காலத்தில் மன்னருக்குச் சேர வேண்டியதைக் கணக்குப் பார்த்த பதவி அது, புதையல் இன்னும் அவர் மேசையிலேயே இருக்கிறது.

புதையல் அல்லாத பொருள் யாருக்குச் சொந்தம்? மண்ணில் புதைந்து கிடந்தால் பொதுவாக நிலத்தின் உரிமையாளருக்கு. நீங்கள் வாடகைக்கு இருப்பதால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு காசை வைத்துக்கொள்ளத்தான் சொல்வார்கள். அதை ஒரு மின்னஞ்சலாக வாங்கிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இருக்காது.

கட்டாயம் இல்லாவிட்டாலும் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் இதற்காகவே இருக்கிறது. பொதுமக்கள் கண்டெடுத்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதன் தரவுத்தளத்தில் உள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும் இப்படிக் கிடைத்தவற்றைப் பார்த்துப் பதிவு செய்யும் அலுவலர், ஃபைண்ட்ஸ் லியேசான் ஆபீசர், ஒருவர் உண்டு. சஃபோக்கில் கவுன்டி கவுன்சிலின் தொல்லியல் பிரிவைத் தொடர்புகொண்டால் போதும். பார்த்து, அளந்து, படமெடுத்துவிட்டுத் திருப்பித் தருவார்கள், பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். கட்டணமும் இல்லை. அவர்கள் முதலில் கேட்பது ‘எங்கே கிடைத்தது?’ என்பதுதான். அதனால் இன்றே பாத்தியில் ஒரு குச்சியை நட்டு, கைபேசியில் இடக்குறியீட்டைக் குறித்து, ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஆழம் எத்தனை விரல்கடை என்பதையும் எழுதுங்கள்.

இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் கவுன்டியிலேயே இரண்டு கதை இருக்கிறது.

1942-இல் மில்டன்ஹால் அருகே ஒரு வயலை உழுதபோது கொழுவில் வெள்ளிப் பாத்திரங்கள் தட்டுப்பட்டன. நான்காம் நூற்றாண்டுச் சரக்கு. அதில் ஒரு தட்டு மட்டும் 60 சென்டிமீட்டர் அகலம், எட்டுக் கிலோவுக்கு மேல் எடை, நடுவில் கடல் தெய்வத்தின் முகம். எடுத்தவர்கள் வெளியே சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், தட்டி நிமிர்த்தி, துலக்கி, அலமாரியில் வைத்திருந்தார்கள். 1946-இல்தான் விஷயம் அதிகாரிகளுக்குப் போனது. பிறகு இடத்தைத் தோண்டிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. இது சஃபோக் மண்ணில் கிடைத்ததுதானா, போர்க்காலத்தில் வேறு எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டதா என்றுகூடப் பலர் சந்தேகப்பட்டார்கள்.

அடுத்தது 1992 நவம்பர். ஊர்ப் பெயரை (Hoxne) எழுத்துக் கூட்டிப் படித்தால் தடுமாறும், உள்ளூரில் ஹாக்ஸன் என்பார்கள். ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித் தர, ஓய்வுபெற்ற தோட்டக்காரர் ஒருவர் டிடெக்டருடன் வயலில் இறங்கினார். வெள்ளிக் கரண்டிகளும் தங்கச் சங்கிலியும் காசுகளும் வரத் தொடங்கின. கொஞ்சம் எடுத்ததுமே அவர் நிறுத்திவிட்டார். அடுத்த நாளே தொல்லியலாளர்கள் வந்தார்கள், மண்ணைக் கட்டியாகவே பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். மொத்தம் 14,865 காசு, அதில் தங்கம் மட்டும் 569. நகைகளும் மேசைப் பாத்திரங்களுமாக இன்னும் ஏறத்தாழ 200 பொருள்கள். அவர் நிறுத்தியதால்தான் ஒரு மரப்பெட்டி, அதற்குள் சிறு பெட்டிகள், பொம்மைக்குப் போடுவதுபோன்ற குட்டி வெள்ளிப் பூட்டுகள், பாத்திரங்களுக்கு இடையே திணித்த வைக்கோல் எல்லாம் தெரியவந்தன. கடைசிக் காசுகள் 407, 408-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டு நழுவிக்கொண்டிருந்த நேரம் அது. யாரோ பொறுமையாக மூட்டை கட்டிப் புதைத்துவிட்டுத் திரும்பி வரவில்லை. அருங்காட்சியகம் கொடுத்த 17.5 லட்சம் பவுனைக் கண்டெடுத்தவரும் விவசாயியும் பகிர்ந்துகொண்டார்கள். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டியில் நான்கு வெள்ளி மிளகுக் குப்பிகள் உண்டு. ஒன்று அரசகுலப் பெண் ஒருத்தியின் உருவம். அடியில் உள்ள வட்டைத் திருகினால் மூடலாம், தூவலாம், நிரப்பலாம். மிளகு சஃபோக்கில் விளையாது, மேற்குக் கரை முசிறிப் பக்கத்திலிருந்து செங்கடல் வழியாகப் போன சரக்கு. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர்களைப் பள்ளியில் படித்தோமே, அந்த வணிகப் பாதையின் மறுமுனை உங்கள் ஊரிலிருந்து காரில் சிறிது தூரம்தான்.

கீழே என்ன இருக்கும் என்று கேட்டீர்கள். ஏ140-இன் பெரும்பகுதி, கோல்செஸ்டரிலிருந்து நாரிச் அருகே இருந்த வென்டா இசெனோரும் நகருக்குப் போன ரோமானியச் சாலையின் தடத்தில் போகிறது. அந்த வழியில் கோடன்ஹாம் அருகே கோம்ப்ரெட்டோவியம் என்ற குடியிருப்பு இருந்தது, வடக்கே நார்ஃபோக் எல்லையில் ஸ்கோலில் இன்னொன்று. பேக்கன்ஹாமில் கோட்டையும் ஊரும், வாட்டிஸ்ஃபீல்டில் பானைச் சூளைகள். ஃபீலிக்ஸ்டோவில் இருந்த கடற்கரைக் கோட்டையைக் கடலே தின்றுவிட்டது. ஆக, உங்கள் காசு வந்ததில் வியப்பில்லை. ஆனால் அதனாலேயே தோட்டத்தின் கீழே வில்லா, அதாவது ரோமானியரின் வசதியான பண்ணை வீடு, இருக்கிறது என்று துள்ள வேண்டாம். வீட்டுக் குப்பையை எருவோடு வயலில் கொட்டும் பழக்கம் ரோமானியருக்கும் இருந்தது, ஒன்றிரண்டு ஓட்டாஞ்சில்லு அப்படி வந்திருக்கலாம். கட்டடக் கல் இல்லாத கவுன்டி என்பதால் பிற்காலத்தவர் ரோமானிய ஓட்டைப் பொறுக்கிப் போய்த் தேவாலயச் சுவரிலும் வைத்திருக்கிறார்கள். சீப்பால் கீறியதுபோல் கோடு போட்ட பெட்டி ஓடு, பகடைக்காய் அளவுச் சிறு சதுரக் கற்கள், சுண்ணாம்புக் காரை, நிறையச் சிப்பி ஓடு, இவை சேர்ந்து வந்தால் சொல்லி அனுப்புங்கள். பெட்டி ஓடு சூடான காற்றைச் சுவருக்குள் ஏற்றுவதற்கானது, அதைப் போட வசதி வேண்டும்.

மகனுக்கு டிடெக்டர் வாங்கலாம். ஆனால் வீட்டுக்காரரின் அனுமதி எழுத்தில் வேண்டும், கண்டெடுப்பதை எப்படிப் பகிர்வது என்பதும் அதிலேயே இருக்கட்டும். அதற்கு முன் உங்கள் நிலம் பாதுகாக்கப்பட்ட சின்னமா என்று ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். அப்படியானால் உரிமம் இல்லாமல் டிடெக்டரை எடுத்தாலே குற்றம், உரிமையாளர் தலையசைத்தாலும் சரி. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1980-களில் இக்லிங்ஹாம் வயல்களில் இரவில் புகுந்தவர்கள் எடுத்த வெண்கலச் சிலைகள் நியூயார்க்கில் போய் நின்றன. கருவி இல்லாமலும் அதிர்ஷ்டம் வரும் என்று மகனிடம் சொல்லிப் பாருங்கள். 1907-இல் ரெண்டம் அருகே ஆல்டு ஆற்றில் ஒரு சிறுவனுக்கு ரோமானியப் பேரரசர் ஒருவரின் வெண்கலத் தலையே கிடைத்தது.

அப்புறம், தக்காளியை நடுங்கள். மேல்மண்ணை ஒரு மண்வெட்டி ஆழம் வரை உழவும் தோட்டவேலையும் முன்பே கலக்கியிருக்கும், அதில் கொத்துவதால் பெரிய சேதம் இல்லை. அதற்குக் கீழே மண்ணின் நிறம் திடீரென மாறினாலோ, கல் வரிசையாகத் தென்பட்டாலோ, இரண்டாவது காசு வந்தாலோ நிறுத்துங்கள். எடுத்த மண்ணையே மேலே போட்டு மூடிவிட்டு, அந்த அலுவலருக்குப் போன் செய்யுங்கள்.