சாடிக்குள் குப்பை

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த என் மகள், எகிப்தியல் படித்து அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் ஆகவேண்டும் என்கிறாள். ‘கண்ணாடிப் பெட்டிக்குக் காவல் இருக்கவா இவ்வளவு படிப்பு?’ என்று வீட்டில் கேலி. தோண்டி எடுத்தாகிவிட்டது, பெட்டியில் வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு என்னதான் வேலை?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

பெயரிலேயே ‘காப்பு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது, வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. பெட்டிக்குப் பிறகு என்ன வேலை என்பதற்கு ஒருவர் கதையைச் சொல்கிறேன்.

ஹெர்பர்ட் வின்லாக் 1906-இல் ஹார்வர்டு படிப்பை முடித்த கையோடு நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் எகிப்து அகழாய்வுக் குழுவில் சேர்ந்தவர். அடுத்த ஆண்டுக் கடைசியில், எகிப்திய அரசர்களைப் புதைத்த மன்னர் பள்ளத்தாக்கில் தியோடர் டேவிஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் ஆட்கள் ஒரு குழியில் பெரிய சாடிகளைக் கண்டெடுத்தார்கள். திறந்தால் உமி, நேட்ரான் உப்பு மூட்டை, கந்தல் துணி, உடைந்த பானை, பறவை எலும்பு, காய்ந்த பூமாலை. டேவிஸுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எவ்வளவு உறுதி பாருங்கள் என்று விருந்தாளிகள் முன்னால் மாலையைப் பிய்த்துக்கூடக் காட்டினாராம். 1909-இல் சாடிகளை மெட்ரோபாலிடனுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தக் குப்பையைத்தான் வின்லாக் வாசித்தார். ஒரு துணியில் எகிப்திய அரசன் துட்டன்காமுனின் பெயர், ஆட்சியின் 6-ஆம் ஆண்டு. நேட்ரான், உடலைப் பதப்படுத்துகிற உப்பு. அப்படியானால் இவை அரசனின் உடலைப் பதப்படுத்தியதில் மிஞ்சியவை. எலும்புகள் சாவு விருந்தின் மிச்சம், மாலைகள் அதில் உட்கார்ந்தவர்கள் கழுத்தில் கிடந்தவை. உடலைத் தொட்டதைக் கண்ட இடத்தில் எறியக் கூடாது, கல்லறைக்குள்ளும் வைக்கக் கூடாது, தனியே புதைத்திருக்கிறார்கள். சாடிக்குள் இரண்டு துடைப்பங்களும் இருந்தன. கடைசி ஆள் வெளியேறும்போது காலடித் தடத்தைக் கூட்டியவை என்பது அவர் ஊகம்.

இதை அவர் நூலாக வெளியிட்டது 1941-இல். நடுவில் 1922-இல் ஹோவர்டு கார்ட்டர் என்ற அகழாய்வாளர் துட்டன்காமுனின் கல்லறையையே கண்டுபிடித்துவிட்டார், வின்லாக் அருங்காட்சியக இயக்குநராகி ஓய்வும் பெற்றுவிட்டார். அந்தக் கல்லறையில் கிடைத்த தங்க முகமூடியைவிட எனக்கு அந்த மாலைகள்தான் பிடிக்கும். பாப்பிரஸ் தாளில் ஒலிவ இலையும் நீலப் பூவும் மணியும் வைத்துத் தைத்தவை. மூன்று இன்னும் நியூயார்க்கில் இருக்கின்றன.

வேலை இடங்கள் சொற்பம் என்பதை மகளிடம் மறைக்காதீர்கள். ஜெர்மனும் பிரெஞ்சும் இல்லாமல் இந்தத் துறையில் பாதி நூல்களைப் படிக்கவே முடியாது. கல்லூரி திறக்குமுன் ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். ஹைதராபாத் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு மம்மி இருக்கிறது. ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள், கேலி செய்பவர்களும் உடன் வரட்டும்.

அன்புடன்.