புத்தகம் அங்க, வாசகி இங்க

கேள்வி: தபால் வழியில எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். எங்க ஊர் கிளை நூலகத்துல எந்த புத்தகம் கேட்டாலும் மாவட்ட மைய நூலகத்துல பாருங்கன்னு சொல்றாங்க. ரெண்டு பஸ் மாறி அங்க போனா, உங்க கார்டு அந்த கிளைக்குத்தான், இங்கயே உக்காந்து படிங்கன்றாங்க. கைக்குழந்தையோட எப்படி சார் உக்கார்றது? வேற வழி இருக்கா?
- டெல்டா பக்கத்து வாசகி

பதில்: படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சும்மா. போன மாசம் ஒரு பெரிய நூலகத்துல சோழர் கால நில வரி பத்தி ஒரு புத்தகம் எடுத்தேன், பின்னட்டையில ஒட்டியிருக்க தேதிச் சீட்டுல கடைசி முத்திரை 2009. உங்கள மாதிரி ஒருத்தர் அதுக்காக எங்கயோ காத்துட்டு இருந்திருப்பாங்க, அது இங்க தூசியில கெடக்கு.

உங்க பக்கத்துலயே 1931ல மன்னார்குடிகிட்ட மேலவாசல்ல கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில புத்தகத்த ஏத்தி ஊர் ஊரா கொண்டுபோனார், தொடங்கி வச்சது சீர்காழிக்காரரான நம்ம எஸ்.ஆர்.ரங்கநாதன். வாசகரோட நேரத்த மிச்சப்படுத்துன்னு நூலகத்துக்கே விதி எழுதினவர் அவர். அன்னிக்கு வண்டி கட்டி செஞ்சத இன்னிக்கு கம்ப்யூட்டர் வச்சுக்கிட்டு செய்ய முடியாதா? சிங்கப்பூர்ல ஒரு பொது நூலகத்துல எடுத்தத இன்னொன்னுல திருப்பிப் போடலாம். நமக்கும் ஒரே கார்டு, எங்க எந்த புத்தகம் இருக்குன்னு போன்லயே தெரியணும், கேட்டா நம்ம கிளைக்கே வந்து சேரணும், இவ்வளவுதான் வேணும். வீட்டு வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுறோம், அதனால இத உரிமையாவே கேளுங்க.

இப்போதைக்கு ஒண்ணு செய்யுங்க. உங்க பல்கலைக்கழக நூலகத்துல டெல்நெட்ல உறுப்பினரான்னு கேளுங்க. 1988ல டெல்லியில ஆரம்பிச்ச நூலகக் கூட்டமைப்பு அது, வேற ஊர் நூலகத்து புத்தகத்த உங்க நூலகம் மூலமா வரவழைக்கலாம், தனி ஆளா சேர முடியாது. முழு புத்தகம் வேணாம்னா தேவையான அத்தியாயத்த மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்களான்னும் கேட்டுப் பாருங்க. பழைய தமிழ் நூல்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல முதல்ல தேடுங்க, காசு கிடையாது, குழந்தைய தூங்க வச்சுட்டு போன்லயே படிக்கலாம்.

எந்த புத்தகம்னு எழுதவே இல்லயே நீங்க. பேரு, ஆசிரியர், பதிப்பகம், வருஷம் நாலும் எழுதி அனுப்புங்க, எங்க இருக்குன்னு நானும் தேடுறேன்.