தோட்டப்புறப் பட்டணத்து முஸ்லிம் பையன்கள் தீவிரவாதத்துக்குள் எப்படிப் போகிறார்கள், எப்படி வெளியே வருகிறார்கள்?

கேட்டவர் சொல்லும் விவரம் இது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம், 19 வயது மகன். தாடி வளர்க்கிறான், பாட்டு கேட்பதில்லை, மௌலிதுச் சோறு (நபி பிறந்தநாள் புகழ்ப்பாட்டு ஓதிப் பரிமாறும் சோறு) தொடுவதில்லை. இப்போது சூராவ் (சிறிய தொழுகைக்கூடம்) இமாம் பின்னால் தொழவும் மறுக்கிறான். பயப்பட வேண்டுமா?

தாடிக்கும் மௌலிதுக்கும் பயப்பட வேண்டாம். இப்படிப்பட்ட சடங்குகளை மறுக்கும் தவ்ஹீது பக்கம் சாயும் பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இமாம் விஷயத்தை மட்டும் உட்கார்ந்து கேளுங்கள். "அவர் பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை) செய்கிறார்" என்று சொன்னால் அது மார்க்கச் சண்டை, நூறு வருடமாக நடப்பது. "அவர் காஃபிர், தாகூத்திடம் (இறைவனுக்கு எதிரான ஆட்சியிடம்) சம்பளம் வாங்குகிறவர், வாப்பாவும் அப்படித்தான்" என்று சொன்னால் அது தக்ஃபீர், அதாவது முஸ்லிமை முஸ்லிம் இல்லை என்று தீர்ப்பளிப்பது. வன்முறைக்குப் போகும் பாதை இந்த இடத்தில்தான் பிரிகிறது. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பை முன்னின்று நடத்திய சஹ்ரான் ஹாஷிம் தேவாலயங்களில் ஆரம்பிக்கவில்லை. முதலில் மோதியது சொந்த ஊரான காத்தான்குடியின் சூஃபி முஸ்லிம்களோடு. 2017-இல் அங்கே கைகலப்பு நடந்த பிறகுதான் தலைமறைவானார்.

சஹ்ரான் தமிழில் பேசியவர் என்பதையும் மலேசியாவில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். சிலாங்கூரில் ஜும்ஆ குத்பா (வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்) மாநில மார்க்க இலாகா தயாரிக்கும் மலாய் உரை. வீட்டில் தமிழ் பேசும் பையனுக்கு அது காதில் விழும், மனதில் ஒட்டாது. அவனுக்குப் புரியும் தமிழ் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கைப்பேசியில்தான் வருகிறது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் பயான்களில் நல்லவை நிறைய உண்டு, ஆனால் கேட்கும் நேரம் மோசம். கடை அடைத்து, மேசை துடைத்து, நடுராத்திரிக்கு மேல் தனியாகப் படுத்துக்கொண்டு கேட்கிறான்.

இழுக்கும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் காஸா, சிரியா, ரோஹிங்யா காணொளி. அந்தக் கோபம் நியாயமானது, அதனால்தான் வேலை செய்கிறது. பிறகு ஒரு கேள்வி: "உங்கள் இமாம் இதைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?" அதற்குக் கருத்து எழுதினால் யாரோ தனியாகச் செய்தி அனுப்புவார். அன்பாக, 'அகீ' (என் சகோதரனே) என்று கூப்பிட்டு, தினமும் ஃபஜ்ர் என்ற விடியல் தொழுகைக்கு எழுப்பிவிடுவார். வீட்டில் பேச்சுத்துணை இல்லாத பையனுக்கு இது பெரிய விஷயம். அப்புறம் டெலிகிராமில் மூடிய குழு. அதற்குள் போனதும் மூன்று கட்டளைகள் வரும்: வீட்டில் சொல்லாதே, பழைய நண்பர்களை விடு, சின்னதாக ஏதாவது செய். அந்தச் சின்னது 20, 30 வெள்ளி அனுப்புவதாகக்கூட இருக்கலாம். தொகை முக்கியமில்லை, இனி அவன் வெளியே சொல்லப் பயப்படுவான் என்பதே கணக்கு. கடைசியில் பைஅத் (தலைவருக்கு விசுவாசப் பிரமாணம்), ஹிஜ்ரத் (நாட்டை விட்டு அவர்களிடம் போவது) பேச்சு, அல்லது உள்ளூரிலேயே வேலை. 2016 ஜூன் 28 அன்று சிலாங்கூரின் பூச்சோங் மொவிடா கேளிக்கை மையத்தில் எறிகுண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயப்பட்டார்கள். சிரியாவில் இருந்த ஒரு மலேசியர்தான் அங்கிருந்தே உத்தரவு கொடுத்தார்.

தோட்டத்துப் பையன்களில் புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் இன்னும் தனி. அம்மா வீட்டுக் கதவு பாதி மூடிவிட்டது, சூராவில் 'சௌடாரா பாரு' (புதிய சகோதரர்) என்ற அடைமொழி போகவில்லை. இடையில் கிடைக்கும் அந்த 'அகீ'தான் சொந்தம் ஆகிவிடுகிறார். புதிதாக இஸ்லாத்துக்கு வருபவர்களுக்கு பெர்கிம் அமைப்பு நடத்தும் வகுப்புக்கு அனுப்பினால் மட்டும் போதாது, யாராவது சாப்பிடக் கூப்பிட வேண்டும்.

வெளியே கொண்டுவருவதில் வீட்டார் செய்யும் வழக்கமான தப்பு, கைப்பேசியை உடைப்பது. மறுநாளே இரவல் கைப்பேசியில் அவர்களிடமே போவான், "குடும்பமே எதிரி" என்று அவர்கள் சொன்னதும் நிரூபணமாகிவிடும். அடுத்த தப்பு அவசரக் கல்யாணம்: இரண்டு பேரை மாட்டிவிடுவது. வசனத்துக்கு வசனம் நீங்களே வாதாடுவதும் வேண்டாம், அதற்கான பதில்களை அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடம் செய்து கொடுத்திருப்பார்கள்.

வேலைநேரத்தை மாற்றுங்கள், ராத்திரி தனிமையை உடைப்பதுதான் முதல் மருந்து. அவன் மதிக்கும் ஒருவர், மாமாவோ பழைய பந்து விளையாட்டுத் தோழனோ, வாரம் இரண்டு முறை மார்க்கம் பேசாமல் கூட இருக்கட்டும். சந்தேகம் அவன் வாயிலிருந்து வரும்வரை காத்திருங்கள். அது பெரும்பாலும் வேதத்தில் கிளம்பாது. "அனுப்பிய காசு எங்கே போச்சு?", "ஐஎஸ்ஸும் அல்காயிதாவும் ஏன் ஒருவரையொருவர் வழிகெட்டவர் என்கிறார்கள்?" இப்படித்தான் வரும். அப்போது தமிழ் தெரிந்த ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கூட்டிப் போங்கள். அவர், இணைவைப்பாளர்களோடு போரிடச் சொல்லும் குர்ஆன் வசனம் 9:5-ஐ ஒதுக்காமல், உடன்படிக்கையைக் காப்பாற்றச் சொல்லும் 9:4-ஐயும் அடைக்கலம் கேட்கும் இணைவைப்பாளருக்குப் பாதுகாப்பு கொடுக்கச் சொல்லும் 9:6-ஐயும் சேர்த்து ஓதவைக்க வேண்டும். ஜிஹாதுக்கு அனுமதி கேட்டவரிடம் "பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா?" என்று கேட்டு, அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் பாடுபடச் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அதை வாப்பா சொல்லக் கூடாது, ஆலிம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 2003 முதல் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) தொண்டர்களாகத் தடுப்புக் கைதிகளிடம் பேசுகிறார்கள், குடும்பத்துக்குத் தனியாக உதவி போகிறது. இரண்டும் சேர்ந்துதான் பலன் தருகிறது. நடுவில் ஓரிரு முறை பழைய குழுவுக்கே திரும்பிப் போவான், அதற்காகக் கைவிடாதீர்கள்.

ஆள், ஆயுதம், தேதி, பயணம் என்று பேச்சு வந்துவிட்டால் இதெல்லாம் நிற்கட்டும், உடனே போலீஸ். தெரிந்தே மறைப்பது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். வழக்கறிஞரையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். சொஸ்மா என்ற மலேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் 28 நாள் வரை காவலில் வைக்கலாம், வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். 2019-இல் விடுதலைப்புலி வழக்கில் 12 பேரைப் பிடித்தபோது மலேசியத் தமிழர்களான நம் ஆட்கள் இந்தச் சட்டத்தைப் பார்த்துவிட்டார்கள். தீவிரவாதக் குழு தொடர்பான பொருளை வைத்திருந்தாலே தண்டனைச் சட்டத்தின் 130ஜேபி பிரிவில் ஏழு வருடம் வரை சிறை உண்டு. அதனால் "பாருங்கள், இதைத்தான் பார்க்கிறான்" என்று அந்தக் காணொளியைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.