காணியை ஈடு வைத்துப் பொறியியலா? கிளிநொச்சித் தந்தை ஒருவருக்கு

இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் செய்யும் தந்தை ஒருவர், உயர்தரக் கணிதப் பிரிவில் சித்தியடைந்த மகளுடன் கடந்த வாரம் என்னிடம் வந்தார். சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியோடு பார்த்தால் பிள்ளையின் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி பொறியியலுக்குச் சற்றுக் குறையும்; பௌதிக விஞ்ஞானத்துக்குத் தாராளமாகப் போதும். அவளோ அணுக்கருப் பௌதிகவியலாளர் ஆக வேண்டும் என்கிறாள். கனடாவில் இருக்கும் சித்தப்பா, வயலை ஈடு வைத்தாவது கொழும்பில் தனியார் பொறியியல் பட்டம் ஒன்றுக்குச் சேர்க்கும்படி நாள்தோறும் தொலைபேசியில் வற்புறுத்துகிறாராம்.

ஐயா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் அந்த வயலை ஈடு வைப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதம் சொல்லமாட்டேன். வட்டியைக் கட்டப்போவது நீங்களே அன்றிச் சித்தப்பா அல்லர். படிக்கப்போவதும் அவர் அல்லர்.

மகள் கொண்டுவந்த கொப்பியைப் பார்த்தீர்களா? ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிய நூறு புளியங்கொட்டைகளை எறிந்து, வெள்ளை விழுந்தவற்றை ஒவ்வொரு முறையும் நீக்கி, எஞ்சியவற்றை எண்ணி, கதிர்த்தொழிற்பாட்டின் அரைவாழ்வுக் காலத்துக்கு, அதாவது கதிர் வீசும் அணுக்கள் பாதியாகக் குறைய எடுக்கும் காலத்துக்கு, வரைபு கீறியிருக்கிறாள். எந்த ஆசிரியரும் கேட்டு அவள் அதைச் செய்யவில்லை.

இந்தத் தொழில் இலேசானதன்று. கலாநிதிப் பட்டம் ஒரு நாட்டில் முடிந்தால், இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்த ஆய்வு இன்னொரு நாட்டில் அமையும். நுண்துகள்களைப் பெருவேகத்துக்கு உந்தும் இயந்திரங்களான துகள் முடுக்கிகள் ஜெனீவாவிலும் டார்ம்ஸ்டட்டிலும் வான்கூவரிலும் இருப்பதால் ஆய்வாளர்தான் அவற்றைத் தேடிப் போக வேண்டும். அவற்றைப் பயன்படுத்த விண்ணப்பித்துக் கிடைக்கும் சில நாள்களில் இரவு பகலாக முறை வைத்து விழித்திருக்கவும் வேண்டும். முப்பது வயது கடந்தும் நிரந்தர வேலை அமையாமல் இருக்கலாம். கல்யாணப் பேச்சு எடுக்கும் உறவினருக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பௌதிகவியலில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் பெற்ற பின் திறக்கும் ஒரு கதவை இங்கு எவரும் பேசுவதில்லை. வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகவரகம், மேரி கியூரியின் பெயரில் பெண்களுக்கென்றே 2020இல் ஒரு புலமைப்பரிசிலைத் தொடங்கியது. இலங்கை 1957 முதல் அங்கு உறுப்பு நாடு என்பதால் நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். அணுக்கருத் துறையில் முதுமாணி படிப்பவருக்குக் கற்கைக் கட்டணமாக ஆண்டுக்கு 10,000 யூரோ வரையும், வாழ்க்கைச் செலவுக்கு 10,000 யூரோ வரையும் இரண்டு ஆண்டுகளுக்குத் தருகிறார்கள். படிப்பை முடித்தவருக்குப் பன்னிரண்டு மாதம் வரையிலான பயிற்சிக்கும் வழியுண்டு. அணுக்கருப் பௌதிகவியல் மட்டுமன்றி அணு மருத்துவம், அணுப் பாதுகாப்பு, அணுசக்திச் சட்டம் வரை இதில் அடங்கும். பல்கலைக்கழக அனுமதியை மாணவியே தேடிக்கொள்ள வேண்டும் என்பதால் ஆங்கிலத்தையும் கணினி நிரலாக்கத்தையும் முதலாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். துகள்களின் போக்கைக் கணினியில் போலச் செய்து காட்டும் ஜியான்ட்4 என்ற மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினி ஒன்றே பழகப் போதும்.

கலாநிதி ஆய்வுக்குச் சொந்தக் காசு கட்டச் சொல்லும் இடத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். இத்துறையில் நல்ல ஆய்வுகூடங்கள் மாணவருக்குச் சம்பளமோ உதவித்தொகையோ கொடுத்தே வைத்திருக்கின்றன.

காணி உறுதியைப் பெட்டிக்குள் திரும்ப வையுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்ப வரிசையை மகள் தன் கையால் நிரப்பட்டும். அன்று மாலை சித்தப்பாவின் அழைப்பு வந்தால் தொலைபேசியை அவளிடமே கொடுங்கள்.