பெரியவனைப் பற்றிக் கவலையில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

அடுத்த மாதம் நாங்கள் வெளிநாட்டில் குடியேறப் போகிறோம். என் கணவர் எட்டு மாதங்களுக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார். விசா, வீட்டைக் காலி செய்வது, பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்குவது, எல்லாம் என் தலையில். பேசும்போதெல்லாம் "எல்லாம் தயாரா?" என்றுதான் கேட்கிறார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கிடையாது.

நான்கு வயது மகள் என்னைப் பாடாய்ப் படுத்துகிறாள். படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். பெட்டியில் அடுக்குவதையெல்லாம் எடுத்து வெளியே போடுகிறாள். நைந்துபோன ஒரு தலையணை உறையைக் கையை விட்டு இறக்குவதில்லை. "இப்படி அழுதால் உன்னை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவோம்" என்றால்தான் அடங்குகிறாள். மாமியார் வேறு பிள்ளைகள் எதிரிலேயே கண்ணீர் விடுகிறார். கணவரிடம் முறையிட்டால் "அம்மாவை நீதான் சமாளிக்க வேண்டும்" என்கிறார். எல்லாவற்றையும் நானேதான் சமாளிக்க வேண்டுமா?

ஆறரை வயது மகனைப் பற்றிக் கவலையில்லை. சமத்து. விளையாட்டுச் சாமான்களைக்கூட அவனாகவே தங்கைக்குக் கொடுத்துவிட்டான். ஒரு பெட்டிக்கு 23 கிலோதான் என்று நான் புலம்பியதைக் கேட்டு, எடை பார்க்கும் கருவியில் தானே ஏறி நின்று பார்த்துவிட்டு, "நான் பாட்டியோடு இருந்துகொள்கிறேன் அம்மா, எடை குறையும்" என்றான். சிரித்துவிட்டேன். அவனுடைய பக்குவம் இவளுக்கு இல்லையே!

மகளை எப்படித் தயார்படுத்துவது? என் சிரமத்தைக் கணவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சிரித்துவிட்டுக் கடந்த இடத்தை என்னால் கடக்க முடியவில்லை.

உங்கள் மகன் தன்னையும் ஒரு சாமானாக நிறுத்துப் பார்த்திருக்கிறான். நீங்கள் பக்குவம் என்று நினைப்பது எனக்குப் பயமாகத் தெரிகிறது.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, இரண்டு வயது முதல் ஏழு வயது வரையிலான சிந்தனையைத் தனிப் பருவமாகப் பிரித்துக் காட்டினார். அந்த வயதில் பிள்ளை, நடப்பதையெல்லாம் தன்னை நடுவில் வைத்தே புரிந்துகொள்ளும். உங்கள் மகன் பக்கம் இருந்து பாருங்கள். அப்பா ஒருநாள் போனார், எட்டு மாதமாக வீட்டில் இல்லை. அழுதால் விட்டுவிட்டுப் போவோம் என்று அம்மா சொல்கிறாள். எடை கூடிவிட்டது என்றும் சொல்கிறாள். ஆக, யாரோ ஒருவர் விடுபடப் போகிறார். அது தானாக இருந்தால் அம்மாவுக்குச் சிரமம் குறையும் என்று அவன் கணக்குப் போட்டிருக்கலாம்.

அந்த மிரட்டலை மகளிடம் சொன்னீர்கள். மகன் அதை நம்பிவிட்டான். தனி ஆளாக இத்தனையும் சுமக்கிறவருக்குக் களைப்பில் வார்த்தை தடிப்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது தவறு. இனி ஒருமுறைகூட வேண்டாம்.

இன்று இரவு பெட்டிகளை ஒதுக்கிவிட்டு அவனோடு உட்காருங்கள். "யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். அம்மா கோபத்தில் சொன்னது தப்பு" என்று அவனிடமே சொல்லுங்கள். டிக்கெட்டில் அவன் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். பெட்டியின் எடையில் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். நமக்கு வேடிக்கையாகப் படும், அவனுக்கு அது பெரிய சேதி. கொடுத்துவிட்ட சாமான்களில் எது வேண்டும் என்று கேளுங்கள். அவன் அழுதால் தடுக்காதீர்கள். இத்தனை நாள் அந்த வீட்டில் அழாமல் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

மகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. அவள் தன் மறுப்பை வெளியே கொட்டிவிடுகிறாள். வீட்டில் பெரிய மாற்றம் வரும்போது சின்னப் பிள்ளைகள் பழைய பழக்கங்களுக்குத் திரும்புவது உண்டு; திட்டாமல் விடுங்கள். போன பிறகும் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டலாம். அந்தத் தலையணை உறையைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், துவைக்கவும் வேண்டாம். அதன் வாசனைதான் அவளுக்கு வீடு. ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகாட், தாயின் அணைப்பிலிருந்து வெளி உலகுக்குப் போகும் பிள்ளை பிடித்துக்கொள்ளும் இத்தகைய பொருள்களைப் பற்றி 1951லேயே விரிவாகப் பேசியிருக்கிறார். விமானத்தில் அது அவள் கையில் இருக்கட்டும்.

மாமியார் விஷயத்தில் நான் அவர் பக்கம். பிரிகிறவர் அழுகிறார். மறைக்கச் சொன்னால், அழுவது குற்றம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும். "நீங்கள் இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் நான் நன்றாக இருப்பேன்" என்று அவர் வாயாலேயே அவர்களுக்குச் சொல்லட்டும்.

கணவரிடம் உங்கள் குறைகளை அடுக்குவதற்கு முன், எடைக் கருவியில் மகன் ஏறி நின்றதை அப்படியே சொல்லுங்கள். வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். பிறகு அவரே மகனை அழைத்து, புது வீட்டின் அறையைக் காட்டி, உன் கட்டிலை எந்தச் சுவரோரம் போடட்டும் என்று கேட்கட்டும்.