கடைசி விமானத்தை முதலில் தேடுங்கள்: கார்டு புள்ளிகளைக் கொண்டு பிஜியின் லம்பாசா வரை

கேள்வி: நான் சேலத்தில் வசிக்கிறேன், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். என் பாட்டியின் அண்ணன் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, பிஜித் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று லம்பாசா ஊருக்கு அருகே இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறோம். என் கிரெடிட் கார்டில் 2,40,000 புள்ளிகள் சேர்ந்துள்ளன. அவற்றை விமான மைல்களாக மாற்றி நானும் மனைவியும் அங்கே போய்வர முடியுமா? எல்லாப் புள்ளிகளையும் உடனே ஒரு விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்கிறார் நண்பர் ஒருவர்.

பதில்: போய்வர முடியும், போய்வரவும் வேண்டும். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு பிஜிக்குக் கப்பல்கள் சென்றது 1903 முதல் 1916 வரைதான். அவற்றில் போன ஒருவரின் வாரிசுகளை அடையாளம் கண்டு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதே பெரிய பேறு. ஆனால் நண்பர் சொன்னதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். வங்கிப் புள்ளிகள் விமான நிறுவனத்தின் கணக்கில் மைல்களாக, அதாவது டிக்கெட் வாங்க உதவும் அந்நிறுவனத்தின் புள்ளிகளாக, மாறிவிட்டால் அவற்றைத் திரும்பப் பெற முடியாது. எந்த விமானத்தில் இருக்கை கிடைக்கிறது என்று தெரிவதற்கு முன் புள்ளிகளை மாற்றுவது, பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்காமல் ஏறி உட்காருவதற்குச் சமம்.

இதை என் சொந்த நஷ்டத்திலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் ஒரு தீவுப் பயணத்துக்குத் திட்டமிட்டபோது, காலையில் கணினித் திரையில் மைல்களுக்குக் கிடைக்கும் இரண்டு இருக்கைகள் தெரிந்தன; அப்போதே 80,000 புள்ளிகளை மாற்றக் கொடுத்தேன். மைல்கள் கணக்கில் வந்து விழுந்தது மூன்றாம் நாள் பிற்பகலில். அதற்குள் ஓர் இருக்கை போய்விட்டது. ஓர் இருக்கையை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் என்ன செய்வது? மூன்று ஆண்டுகளில் அந்த மைல்கள் காலாவதியாயின. அன்றிலிருந்து, வழி முழுவதையும் தாளில் எழுதி, இருக்கைகளை இரண்டு இடங்களில் சரிபார்த்து, தொலைபேசியிலும் கேட்டு உறுதிசெய்த பிறகே புள்ளிகளைத் தொடுகிறேன்.

உங்கள் பயணத்தைச் சேலத்திலிருந்து தொடங்கித் திட்டமிடாதீர்கள். பிஜியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கோ ஹாங்காங்குக்கோ போவது எளிது. அங்கிருந்து பிஜியின் நாடி நகருக்குப் போகும் விமானம்தான் உங்கள் பயணத்தின் கழுத்து. (எழுத்தில் நாடி, உச்சரிப்பில் நந்தி, அதுபோலவே லம்பாசாவும் ஆங்கிலத்தில் 'ம்' இல்லாமல்தான் எழுதப்படும். தேடும்போது குழப்பம் வேண்டாமென்றால், நாடிக்கு என்.ஏ.என்., லம்பாசாவுக்கு எல்.பி.எஸ். என்ற விமான நிலையக் குறியீடுகளை இடுங்கள்.) இந்தியாவிலிருந்து பிஜிக்கு நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூரிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் நாடிக்கு இடைநில்லாமல் பறப்பது பிஜி ஏர்வேஸ். அதுவும் நாள்தோறும் அல்ல, வாரத்தில் சில நாட்கள் மட்டுமே. போட்டி இல்லாத வழித்தடத்தில் கட்டணம் ஏறியே இருக்கும். மைல்களுக்கு உண்மையான மதிப்பு கிடைப்பது இப்படிப்பட்ட வழித்தடங்களில்தான். தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சொந்தமான ஈஸ்டர் தீவுக்கு லாத்தாம் நிறுவனத்தை விட்டால் வேறு வழியில்லை. ஹோனலூலுவுக்கும் குவாமுக்கும் இடையே மைக்ரோனேசியத் தீவுகளைத் தொட்டுத் தொட்டுப் போகும் விமானம் யுனைடெட் நிறுவனத்துடையது. அங்கெல்லாம் செல்லும் கணக்கே உங்களுக்கும் செல்லும்.

பிஜி ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் ஒன்வேர்ல்டு என்ற விமான நிறுவனக் கூட்டணியின் முழு உறுப்பினரானது உங்களுக்குச் சாதகமான செய்தி. கூட்டணியில் உள்ள ஒரு நிறுவனத்தின் மைல்களைக் கொண்டு மற்றொன்றின் இருக்கையை வாங்கலாம் என்பதால், கேத்தே பசிபிக்கின் ஏசியா மைல்ஸ், கத்தார் ஏர்வேஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகியவற்றின் ஏவியோஸ் என்ற மைல்கள் எல்லாம் நாடி விமானத்துக்குச் செல்லும். உங்கள் வங்கி இவற்றில் எவற்றுக்குப் புள்ளிகளை மாற்றித் தருகிறது என்று முதலில் கேளுங்கள். எந்த விகிதத்தில் என்றும் சேர்த்தே கேளுங்கள். 2,40,000 புள்ளிகள் என்றால் 2,40,000 மைல்கள் என்று பொருளல்ல. சில கார்டுகளில் ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், சிலவற்றில் இரண்டு புள்ளிக்கு ஒரு மைல்தான் கிடைக்கும்; ஆண்டுக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்ற உச்சவரம்பும் பல வங்கிகளில் உண்டு.

நான் உங்களுக்கு முதலில் பரிந்துரைப்பது ஹாங்காங் வழி. சென்னையிலிருந்து ஹாங்காங்குக்குக் கேத்தே பசிபிக், அங்கிருந்து நாடிக்குப் பிஜி ஏர்வேஸ் என்று ஏசியா மைல்ஸைக் கொண்டு ஒரே டிக்கெட்டாக எடுத்தால், பெட்டிகள் சென்னையிலிருந்து நாடிக்கே போய்விடும். நீங்கள் ஹாங்காங் விமான நிலையத்தை விட்டு வெளியேற வேண்டியதில்லை. முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பும் விமான நிறுவனத்தைச் சேரும். அறுபதைத் தாண்டிய பயணிகளுக்கு இந்த நிம்மதி சில ஆயிரம் மைல்களைவிடப் பெரிது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. நாடி விமானம் வாரத்தில் சில நாட்களே என்பதால் இரண்டு விமானங்களின் கிழமைகளும் பொருந்த வேண்டும். இடைவெளி 24 மணி நேரத்தைத் தாண்டினால் அது இணைப்புப் பயணமாகக் கருதப்படாது, மைல் கணக்கு மாறிவிடும்.

ஹாங்காங் வழியில் கிழமை பொருந்தவில்லை என்றால் சிங்கப்பூர் வழி இருக்கிறது. சிங்கப்பூருக்கு மைல்களைச் செலவிடாதீர்கள். சேலத்திலிருந்து திருச்சி விமான நிலையம் மூன்று மணி நேரத் தொலைவுதான். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குக் குறைந்த கட்டண விமானங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை பறக்கின்றன. அதைப் பணம் கொடுத்து வாங்கி, ஏறத்தாழ 10 மணி நேரம் பறக்கும் சிங்கப்பூர்–நாடி விமானத்துக்கு மைல்களை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவை இரண்டும் தனித்தனி டிக்கெட்டுகள் என்பதை மறக்கக் கூடாது. பெட்டியை எடுக்க வேண்டுமானால் குடியேற்றப் பிரிவைக் கடக்க வேண்டும். அதைக் கடக்க இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். விசாவை முன்கூட்டியே வாங்கி, ஓர் இரவு சிங்கப்பூரில் தங்கி, மறுநாள் புறப்படுவதே சரி. மூன்று மணி நேர இடைவெளியை நம்பி இரு தனி டிக்கெட்டுகளை ஒட்டவைக்கும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

உங்கள் வங்கி சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையருக்கு மட்டுமே புள்ளிகளை மாற்றித் தருமானால், அந்நிறுவனம் ஸ்டார் அலையன்ஸ் என்ற வேறு கூட்டணியில் இருக்கிறது. அப்போதும் கதவு அடைபடவில்லை: சிங்கப்பூர் வழியாக ஆக்லாந்து சென்று, அங்கிருந்து அதே கூட்டணியின் உறுப்பினரான ஏர் நியூசிலாந்தில் நாடிக்கு வரலாம். பிஜியைத் தாண்டித் தெற்கே போய்த் திரும்பி வரும் சுற்றுவழி இது. நியூசிலாந்தின் இடைவழி (டிரான்சிட்) விசாவும் வேண்டும். சிட்னி வழியாகப் போனாலும் ஆஸ்திரேலியாவின் இடைவழி விசா தேவை. அதற்குக் கட்டணம் இல்லை என்றாலும் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். இந்தியர்கள் பிஜிக்குள் நுழைய முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை, வந்திறங்கியதும் நான்கு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும் என்பதால் பலர் விசாவை மறந்தே டிக்கெட் எடுக்கிறார்கள். சேருமிடத்தைவிட இடைவழியில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

மைல்களைக் கொடுப்பதா, பணம் கொடுப்பதா என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மைல் டிக்கெட்டிலும் வரிகளைப் பணமாகவே கட்ட வேண்டும் என்பதால், பண டிக்கெட்டின் விலையிலிருந்து அந்த வரிகளைக் கழித்து, மீதியைக் கேட்கப்படும் மைல்களால் வகுங்கள். விலை 90,000 ரூபாய், வரி 15,000 ரூபாய், கேட்கும் மைல்கள் 50,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு மைலுக்கு 1.50 ரூபாய் கிடைக்கிறது; தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு ரூபாய்க்குக் கீழே இறங்கினால் நான் பணமே கொடுப்பேன்.

தமிழர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது: பெயர். கிரெடிட் கார்டில் தலைப்பெழுத்துடன் ஒரு பெயர், கடவுச்சீட்டில் தந்தையின் முழுப் பெயர் குடும்பப் பெயராக, மைல் கணக்கில் இரண்டும் இடம் மாறி என்று மூன்று விதமாக இருந்தால் வங்கி மாற்றித் தர மறுக்கலாம், டிக்கெட்டும் சிக்கலாகலாம். மைல் கணக்கைக் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து திறங்கள். கிரிஸ்ஃபிளையர், ஏசியா மைல்ஸ் இரண்டிலும் உங்கள் மைல்களைப் பயன்படுத்தத்தக்கவர்களாக ஐந்து பேரைத்தான் பதிவு செய்ய முடியும். அதில் முதல் பெயராக உங்கள் மனைவியின் பெயரை இன்றே சேர்த்துவிடுங்கள். கணக்குத் திறப்பதற்கு எந்தக் கட்டணமும் இல்லை. புள்ளிகளை மாற்றுவதற்கு மட்டுமே அவசரம் கூடாது.

எப்போது போவது? நவம்பர் முதல் ஏப்ரல் வரை பிஜியில் புயல் பருவம், அதைத் தவிர்த்துவிடுங்கள். மே முதல் அக்டோபர் வரை வானம் தெளிவாக இருக்கும், கரும்பு ஆலைகள் ஓடும் மாதங்களும் பெரும்பாலும் இவைதான். லம்பாசா ஆலை 1894 முதல் இயங்கிவருகிறது. உங்கள் முன்னோர் வெட்டிய கரும்பு போய்ச் சேர்ந்த இடம் அதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பள்ளி விடுமுறைகள் வரும் ஜூலையிலும் செப்டம்பர் இறுதியிலும் மைல் இருக்கைகள் அரிதாகிவிடும். மே மாதமோ ஆகஸ்ட் மாதமோ உங்களுக்கு ஏற்றது. பயணத்துக்கு ஏறத்தாழ 11 மாதங்களுக்கு முன்பிருந்தே தேடத் தொடங்குங்கள். ஒரே தேதியைப் பிடித்துத் தொங்காமல், முன்னும் பின்னும் பத்து நாட்களைப் பாருங்கள்.

நாடி இருப்பது வித்தி லெவு தீவில். லம்பாசா இருப்பது வடக்கே வனுவா லெவு தீவில். இடையே பிஜி ஏர்வேஸின் துணை நிறுவனமான பிஜி லிங்க்கின் சிறிய விமானங்கள் பறக்கின்றன. இந்தக் குட்டிப் பயணத்துக்குப் பணமே கொடுங்கள். சிறிய விமானம் என்பதால் பெட்டியின் எடை வரம்பு, நீங்கள் கடல் கடந்து வந்த விமானத்தைவிடக் குறைவாக இருக்கும். உறவினர்களுக்கு முறுக்கும் பட்டுப்புடவையும் கொண்டுபோவீர்கள் என்பது எனக்குத் தெரியும், அதற்கேற்பக் கட்டுங்கள். வந்திறங்கிய அன்றே லம்பாசாவுக்குப் புறப்படாமல் நாடியில் ஓர் இரவு தங்குங்கள். ஊருக்குள்ளேயே ஸ்ரீ சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது, வாசலில் வண்ணம் தீட்டிய கோபுரத்தைப் பார்த்ததும் வந்த களைப்பு பாதி போய்விடும்.

திரும்பும்போதும் இதே எச்சரிக்கை தேவை. சிறு தீவுகளுக்கு இடையிலான விமானங்கள் மழையாலும் மேகத்தாலும் சில மணி நேரம் தள்ளிப்போவது வழக்கம். அவற்றை வேறு டிக்கெட்டில் வாங்கியிருப்பதால், உங்களுக்காக நாடியில் பெரிய விமானம் காத்திருக்காது. அதைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாளே வராது, மூன்று நாள் கழித்தும் வரலாம். ஆகவே புறப்படும் தேதிக்கு ஒரு நாள் முன்பே லம்பாசாவில் விடைபெற்று நாடிக்கு வந்துவிடுங்கள். அந்தத் தேதியை உறவினர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று கட்டாயம் சொல்வார்கள்.